வெறும் வயிற்றில் ஒன்று

சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் போய் நின்றால் ஒரே சொல்லை இருபது தடவை கேட்கலாம். கேஸ். காய்ச்சலுக்கு வந்தவருக்கும் கேஸ், கால் வலிக்கு வந்தவருக்கும் கேஸ். பல் பிடுங்கிய பையனின் அம்மா டாக்டர் சீட்டை நீட்டுகிறாள். அதில் நாலாவது வரி கேஸ் மாத்திரை. பல்லுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. கோயிலில் விபூதி தருகிறவரிடம் எதற்கு என்று யார் கேட்கிறார்கள்?

சீட்டு இல்லாதவர்களுக்கு இன்னும் வசதி. "அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க." அண்ணன் எழுந்திருக்கக்கூட மாட்டார். கை மட்டும் நாலு டப்பாவுக்குள் போய்வரும். காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, இந்த மூன்றும் வயிற்றைக் கெடுக்காமல் இருக்க கேஸுக்கு ஒன்று. காகித உறையில் போட்டு, பேனாவால் ஒரு கோடு கிழித்துத் தருவார். அந்தக் கோடு காலையா, ராத்திரியா, பின்னால் வரப்போகும் சங்கதிக்கு முன்னோட்டமா, தெரியாது.

அவருடைய கத்தரிக்கோலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தில், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டம் போட்டு எச்சரித்திருப்பார்கள். ஆங்கிலத்தில்; எறும்புக்குக் கண்ணாடி மாட்டினால் படிக்கலாம் என்கிற அளவில். அண்ணன் அந்த அட்டையை மூன்று மாத்திரைக்குச் சரியாக வெட்டுகிறார். எச்சரிக்கை இருக்கிற பாதி அவருடைய மேஜை டிராயருக்குப் போகிறது, மாத்திரை இருக்கிற பாதி நம் வயிற்றுக்கு. ஆபரேஷன் தியேட்டரில்கூட இத்தனை துல்லியமாக வெட்ட மாட்டார்கள்.

2020-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, இந்த வகை மாத்திரைகளால் சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு வரலாம் என்று மருந்தோடு வைக்கும் தாளில் அச்சடிக்கச் சொன்னார். நல்ல காரியம். அந்தத் தாள் எட்டாக மடித்து அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். மூன்று மாத்திரை வாங்குகிறவன் அட்டைப்பெட்டியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆக, அரசு எச்சரித்துவிட்டது, கம்பெனி அச்சடித்துவிட்டது, அட்டைப்பெட்டி சர்வ ஜாக்கிரதையாக இருக்கிறது. சிறுநீரகம்தான் இன்னும் படிக்கவில்லை.

மாத்திரையை வில்லனாக்க நான் வரவில்லை. 1988-இல் ஒமிபிரசோல் சந்தைக்கு வந்தபோது அது ஒரு வரம்தான். குடல் புண் வெடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களை அது காப்பாற்றியிருக்கிறது. நெஞ்செரிச்சல் முற்றி உணவுக்குழாய் புண்ணானவர்களுக்கு இன்றும் அதுதான் கதி. ஆனால் சாதாரண நெஞ்செரிச்சலுக்கு நாலு வாரம், எட்டு வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எட்டு வாரம் எட்டு வருஷமாகிவிடுகிறது. தொடங்கச் சொன்ன டாக்டர் நிறுத்தச் சொல்வதில்லை, ஏனென்றால் நாம் திரும்பிப் போவதே இல்லை. பழைய சீட்டை லேமினேட் போட்டு வைத்திருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிறுத்தத்தான் முடியுமா? 2009-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், நெஞ்செரிச்சல் என்றால் என்னவென்றே தெரியாத 120 பேரை எடுத்தார்கள். ஒரு பாதிக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள், மறு பாதிக்கு வெறும் மாவு மாத்திரை. நிறுத்திய பிறகு, மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ அஜீரணமோ வந்தது. மாவு மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம். அமிலத்தை அடைத்து வைத்தால், திறந்ததும் வட்டியோடு சுரக்கிறது. தன் வாடிக்கையாளரைத் தானே தயாரித்துக்கொள்ளும் சரக்கை நான் இதற்கு முன் டாஸ்மாக்கில்தான் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரக விஷயத்துக்கு வருவோம். இந்த மாத்திரை சிலருக்குச் சிறுநீரகத் திசுவில் ஒவ்வாமை அழற்சியைக் கிளப்பும் என்பதில் மருத்துவர்களுக்குள் சண்டை இல்லை. அபூர்வம், ஆனால் உண்மை. நாள்பட்ட செயலிழப்பு வருமா என்பதில்தான் வழக்கு நடக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டு கவனித்த ஆய்வு, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆபத்து ஒன்றரை மடங்கு என்றது. 2019-இல் 17,598 பேருக்குக் குலுக்கல் முறையில் மருந்தையும் மாவையும் பிரித்துக் கொடுத்து மூன்று ஆண்டு பார்த்த சோதனை, அப்படித் தெளிவாக எதுவும் தெரியவில்லை என்றது. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தருவது நீதிமன்ற மரபு. சரி, மாத்திரைக்கே தந்துவிடுவோம். அந்தச் சோதனையில் மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்கள், மூன்று வருஷம் ஆளைக் கண்காணித்தார்கள். எங்கள் தெருமுனையில் யார் எதைக் கண்காணிக்கிறார்கள்? அண்ணன் சில்லறையைக் கண்காணிக்கிறார்.

அதோடு, செட்டில் அந்த மாத்திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வலி மாத்திரைக்கு எந்தச் சந்தேகத்தின் பலனும் கிடையாது. டைக்ளோபினாக்கும் அசெக்ளோபினாக்கும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கும். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர் மாதக்கணக்கில் விழுங்கினால் கேட்கவே வேண்டாம். வயிற்றில் புண் வந்திருந்தால் வலித்திருக்கும், வலித்திருந்தால் நிறுத்தியிருப்பார். அந்த ஒரு காவல்காரனையும் கேஸ் மாத்திரை தூங்க வைத்துவிடுகிறது. சிறுநீரகம் கத்தத் தெரியாத ஜீவன். நாள் ஒன்றுக்கு 180 லிட்டரை வடிகட்டிக்கொண்டு பேசாமல் கிடக்கும். பாதிக்கு மேல் செத்த பிறகும் ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவு ஒழுங்குப் பிள்ளையாகவே உட்கார்ந்திருக்கக்கூடும்.

இதைவிடக் கொடுமை நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டால் யூரியா தேங்கும், இரைப்பை மந்தமாகும். குமட்டும், பசி செத்துப்போகும், எதுக்களிக்கும், வாய் கசக்கும், விக்கல் வரும். இந்தப் பட்டியலை எங்கள் தெருவில் யாரிடம் படித்துக் காட்டினாலும் பதில் ஒன்றுதான். "கேஸ்தாங்க."

என் சித்தப்பாவிடம் நாலு வருஷம் அதைத்தான் சொன்னார்கள். லோடு ஏற்றி இறக்கிய மனுஷன். மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை, அதனால் வந்த எரிச்சலுக்கு ஒரு மாத்திரை. எரிச்சல் அடங்காத நாளில் ரோஸ் நிற மருந்தைப் பாட்டிலோடு வாயில் கவிழ்ப்பார். அதில் இருக்கிற மக்னீசியமும் அலுமினியமும் சிறுநீரகம் பழுதானால் உடம்பை விட்டுச் சரியாக வெளியேறாது என்று பாட்டில் சொல்லவில்லை. கல்யாண வீடு போய்வந்தால் தண்ணீரில் நுரைக்கும் பொடி. அதில் நிறைய சோடியம், பிரஷர்காரருக்கு உப்பு மூட்டை. மூன்று டாக்டர்களைப் பார்த்தார். எண்டோஸ்கோப்பி செய்தார்கள், தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். காசு போனது. ஒரு சொட்டுச் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அது மிகவும் மலிவான சோதனை. மலிவு என்பதுதான் அதன் குற்றம் என்று நினைக்கிறேன். கமிஷன் ஓடாத இடத்தில் சந்தேகமும் ஓடாது.

கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவசரப் பிரிவில் சேர்த்த ராத்திரியில்தான் ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் ஒன்பது. பணியில் இருந்த இளம் டாக்டர் பெண் எங்களைத் திட்டினாள். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" வைத்தியம் பண்ணிக்கொண்டிருந்தோம், அம்மா. மூன்று சீட்டும் பையில் இருந்தன. நான் எடுத்துக் காட்டவில்லை.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் அவருக்கு டயாலிசிஸ். தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்கிறார். டயாலிசிஸ் நாளில் குமட்டல், சாப்பிட்டால் எதுக்களிப்பு. போன வாரம் புது மாத்திரைச் சீட்டு தந்தார்கள், மொத்தம் பதினொரு வரி. கண் மங்கிவிட்டதால் என்னைப் படிக்கச் சொன்னார். முதல் வரியைப் படித்தேன்.

பான்டோபிரசோல் 40. காலையில், வெறும் வயிற்றில் ஒன்று.