பட்டை நீண்டா கார்டு வேகமாயிருமா, பேராண்டி?

பேராண்டி, கிராபிக்ஸ் கார்டு விமர்சனம்னு நீ போட்டிருக்கிறதைப் பூராவும் பார்த்துட்டேன்டா. கலர் கலரா பட்டை வரைஞ்சு அமர்க்களப்படுத்தியிருக்க. எனக்கு என்ன எழவு தெரியும், வெத்தலை இடிக்கிற கிழவன். ஆனா ஒரு பட்டையில 57ன்னு போட்டிருக்கு, பக்கத்துப் பட்டையில 60ன்னு போட்டிருக்கு, பார்த்தா ஒண்ணு இன்னொண்ணைவிட ரெண்டரை மடங்கு நீளம். கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி பார்த்தேன். கோடு 55ல ஆரம்பிக்குது! அடியில கெடந்த 55ஐ மண்ணுல புதைச்சுட்டு மேல முளைச்சதை மட்டும் காட்டுறியே, இந்த வித்தையை எந்த யாவாரிகிட்டப் படிச்ச? உள்ளபடி வித்தியாசம் நூத்துக்கு அஞ்சு. பட்டையா வரைஞ்சா சுழியில இருந்துதான் வரையணும். அப்படி வரைஞ்சா ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதுன்னு சலிச்சுக்கிறியா? ஒரே மாதிரிதான்டா இருக்கு. அதைச் சொல்லத்தானே உன்னை விமர்சகர்னு கூப்பிடுறாங்க.

அதுலயும் அந்த 60 ஒரே ஒரு தடவை ஓட்டி எடுத்ததாமே. ஒரே கார்டை ஒரே விளையாட்டுல மூணு தடவை ஓட்டிப் பாரு, நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோ முன்னப்பின்னதான் வரும். இப்படி ஒத்தை ஓட்டத்தை வச்சு ஒருத்தனுக்கு மாலை போட்டு இன்னொருத்தனை மண்ணைக் கவ்வ வைக்கிற பாரு, உன் தைரியத்தை மெச்சணும்.

சரி, சராசரி எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிறது, 60ன்னு போட்டு மீசையை முறுக்கிட்ட. ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? ஒரு செகண்டுக்கு 1000 மில்லிசெகண்டு. 60 ஃப்ரேமுக்கும் சமமாப் பங்கு வச்சா ஒண்ணுக்கு 16.7. ஒரு கார்டு அப்படியே சீரா ஓட்டுது. இன்னொண்ணு 59 ஃப்ரேமை ஆளுக்கு 15 மில்லிசெகண்டுன்னு விறுவிறுன்னு தள்ளிட்டு, அறுபதாவதுக்கு 115 மில்லிசெகண்டு பேயறைஞ்ச மாதிரி நிக்குது. கூட்டிப் பாரு: 885ம் 115ம் 1000. இதுவும் 60தான்! உன் சார்ட்டுல ரெண்டுக்கும் ஒரே மார்க்கு. விளையாடுறவன்தான் பாவம், எதிரியைக் குறி பார்க்கிற நேரத்துல திரை நின்னு போச்சு, மறுபடி ஓடுறப்ப இவனே செத்துக் கெடக்கான். எப்படின்னா, வத்துன போர்ல மோட்டார் தண்ணியைத் துப்பித் துப்பிக் கொட்டுது. தொட்டி சாயங்காலம் நெறைஞ்சிருச்சுல்லன்னு நீ கணக்கு எழுதுற. வாய்க்கால்ல மம்பட்டியோட நின்னவனை ஒரு வார்த்தை கேட்டியா?

இது நான் கண்டுபிடிச்சதுன்னு நெனைச்சு ஊருக்குள்ள சொல்லிராத. 2011லயே அமெரிக்காவுல ‘தி டெக் ரிப்போர்ட்’ல ஸ்காட் வாசன்ங்கிற மனுசன், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எத்தனை மில்லிசெகண்டு ஆச்சுன்னு கோடு போட்டுக் காட்டிட்டாரு. ரெண்டு கார்டைச் சேர்த்து ஓட்டுறவங்க வண்டவாளம் அப்பத்தான் தண்டவாளம் ஏறுச்சு: சராசரி எகிறும், படம் திக்கும். 2013ல கார்டு செய்யிற என்விடியாவே, திரைக்குப் போற படத்தைப் பிடிச்சு அளக்க எஃப்கேட்னு ஒரு முறையைக் கொண்டுவந்துச்சு. தன் கார்டு அதுல நல்லா வரும்னு தெரிஞ்சுதான் கொண்டுவந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நீயா நெனைச்சுக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பில்ல.

இப்ப எல்லாரும் ‘1% லோ’ன்னு ஒரு சின்னப் பட்டையும் போடுறாங்க, நீயும் போட்டிருக்க. சந்தோசம். ஆனா அதை எப்படி எடுத்தன்னு சொல்லலையே? ஆக மந்தமா வந்த நூத்துல ஒரு பங்கு ஃப்ரேமுக்குச் சராசரியா, இல்ல அந்த ஒரு பங்கு ஆரம்பிக்கிற எல்லையா? ரெண்டு வழியும் புழக்கத்துல இருக்கு, ரெண்டுக்கும் வேற வேற நம்பர் வரும். ஒரு வரி எழுதுனா விரல் தேஞ்சிராது.

கடைசிப் பக்கத்துல எல்லா விளையாட்டையும் கூட்டி வகுத்து ‘ராசா இவருதான்’னு ஒரு பட்டம் கட்டியிருக்க பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. ஒரு கார்டு பழைய விளையாட்டுல 400, புதுசுல 40. இன்னொண்ணு 300, 60. கூட்டிப் பாதியாக்குனா 220க்கு 180, மொதக் கார்டு செயிச்சிருச்சு. 400க்கும் 300க்கும் வித்தியாசம் எவன் கண்ணுக்குத் தெரியும்? 40க்கும் 60க்கும் எனக்கே தெரியும். பெருக்குச் சராசரி போட்டுப் பாரு, 126க்கு 134ன்னு ரெண்டாவது கார்டு முந்துது. பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித்தந்தாங்களே, அன்னைக்கு எங்க போயிருந்த?

நீ தெரியாமப் பண்றது இருக்கட்டும், தெரிஞ்சே பண்றவங்க கதையைக் கேளு. 2001ல ஏடிஐங்கிற கார்டு கம்பெனியோட ரேடியான் 8500 வந்தப்ப, ‘குவேக் 3’ விளையாட்டுப் பேரை ‘குவாக்’னு மாத்தி ஓட்டுனாங்க. வேகம் எறங்கிருச்சு, படம் மட்டும் தெளிவாயிருச்சு! கார்டை இயக்குற டிரைவர் மென்பொருள் பேரைப் பார்த்து ஆளைக் கண்டுக்கிட்டு, படத்தை மங்கலாக்கி வேகம் காட்டியிருக்கு. 2003ல என்விடியா முறை. 3டிமார்க்03 சோதனையில கேமரா எங்க திரும்பும்னு முன்னமே தெரிஞ்சதால, திரைக்கு வராத பக்கத்தை வரையாமலே டிரைவர் டபாய்ச்சிருக்கு. சோதனையை உண்டாக்குன ஃபியூச்சர்மார்க் ஒரு ஒட்டுப் போட்டதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவோட மார்க்குல நூத்துக்கு 24 கழண்டு விழுந்துச்சு. அப்புறம் ரெண்டு பேரும் கூடிப் பேசி, அது ஏமாத்து இல்லன்னு அறிக்கை விட்டது தனிக் கூத்து. அதனால டிரைவர் வெர்ஷன், பிராசஸர், ரேம், ரெசல்யூஷன், செட்டிங்ஸ் எல்லாத்தையும் சார்ட்டு பக்கத்துலயே எழுதிப்புடு. பிராசஸர் நோஞ்சானா இருந்து 1080பில எல்லாக் கார்டும் ஒரே ஒசரத்துல நின்னா, அது கார்டோட லட்சணமில்லன்னு படிக்கிறவனுக்கு வெளங்கட்டும்.

2025 ஜனவரியில லாஸ் வேகாஸ் மேடையில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 பழைய 4090க்குச் சமம்னு சொன்னாரு. நீயும் கேட்டுட்டு விசில் அடிச்சிருப்ப. கார்டு உள்ளபடி வரையிற ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பின்னால மூணு ஃப்ரேம் வரைக்கும் கணிச்சுச் செருகுற வித்தை 5070ல இருக்கு. 4090க்கு அப்படி ஒண்ணுதான் செருக வரும். செருகுனதால திரை வழுக்கிக்கிட்டு ஓடும், வாஸ்தவம். ஆனா மவுஸை அசைச்சதுக்குப் பதில் சீக்கிரமா வந்திராது. செருகலை அணைச்சா 4090 எங்கயோ முன்னால நிக்குது. அதனால செருகுன நம்பரையும் வரைஞ்ச நம்பரையும் ஒரே பட்டை வரிசையில கலந்து வைக்காத. தனி சார்ட்டு போடு, பக்கத்துல தாமதத்தையும் மில்லிசெகண்டுல போடு.

கலர் விசயம் ஒண்ணு. என்விடியாவுக்குப் பச்சை, ஏஎம்டிக்குச் சிவப்புன்னு தீட்டி வச்சிருக்க. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத கண்ணு நெறைய ஆம்பளைகளுக்கு உண்டுடா. பேரைப் பட்டை மேலயே எழுது.

அப்புறம் காசு. ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை டாலர்னு வகுத்துப் போட்டிருக்க. அமெரிக்காக்காரன் சொல்ற விலையில அவன் ஊரு வரியே சேராது. இங்க 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு, அதுக்கு மேல கடைக்காரன் மனசு இருக்கு. வகுக்கிறதுன்னா பில்லுல வர்ற ரூவாயை வச்சு வகு. அது எந்தத் தேதி விலைன்னும் குறிச்சு வை, அடுத்த மாசம் அந்த விலை இருக்காது.