ஐயா ஐ.ஏ.எச். ஆன கதை

எங்கள் தெரு நலச்சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தேர்தலில் ஜெயித்து வந்த பதவியல்ல. வீட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்ததால் தலையில் விழுந்த பதவி. திருவொற்றியூரில் மனுவுக்கா பஞ்சம்? கன்டெய்னர் லாரி, கடல் அரிப்பு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் என்று ஒன்று போனால் ஒன்று வரும். மனு அடித்து அடித்தே பெரிய மனுஷன் ஆனவன் நான். அத்தனையும் பாமினி ஃபான்ட்டில்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிடும் என்றார்கள். "இன்னும் இதையே வெச்சினு இருந்தா வைரஸ் பூந்துரும் நைனா" என்று மகன் பயமுறுத்தினான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸ் 11 போட்டான். ஃபைல்களைப் பத்திரமாகத் திருப்பி வைத்தான். ஃபான்ட் என்று ஒரு ஜீவன் இருந்தது அவனுக்குத் தெரியாது. ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் கொடுக்க வேண்டிய மனுவைத் திறந்தேன். 'ஐயா' என்று பணிவாக ஆரம்பித்திருந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஐ, ஏ, எச். ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு எழுதிய மனுவில் இது என்ன புதுப் பட்டம்? அடுத்து 'கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்'. அதில் 'கை'யைக் காணோம்; 'இஃப்' நிற்கிறது. கும்பிட்டுக் கேட்டது போய் நிபந்தனை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். பாமினி, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடும். நாம் 'க' என்று பார்ப்பது கம்ப்யூட்டருக்கு எப்போதும் 'எஃப்'தான். வேஷத்தைக் கலைத்தால் உள்ளே வெள்ளைக்காரன். ஆளுக்கொரு ஒப்பனைக்காரர் கிளம்பியதால்தான் 1999-ல் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூட்டி டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் போட்டாயிற்று. 2010-ல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்று ஆணை போட்டது. அரசாங்கமே மாறினாலும் என் விரல்கள் மாறுவதாக இல்லை. கரன்ட் போனால்கூட இருட்டில் பாமினி அடிக்கும் விரல்கள் அவை. ஸ்கிரீனும் அணைந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

தேரடி பக்கம் டிடிபி கடைத் தம்பி பென் டிரைவில் பாமினியை ஏற்றிக் கொடுத்தார். ரைட் கிளிக், இன்ஸ்டால். ஐயா மறுபடி ஐயா ஆனார். அந்த மிதப்பில் மனுவை அப்படியே காப்பி செய்து சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "சார், உங்க போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, பேங்க்குக்குச் சொல்லுங்க" என்று பொருளாளர் அலறினார்.

"ஏங்க, பேசாம கையால எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி. செயலாளர் பதவியின் அஸ்திவாரத்திலேயே கை வைக்கும் யோசனை. காதில் வாங்கவில்லை.

பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவி ஒன்றைப் பிடித்தேன். மொத்த மனுவையும் கொட்டி ஒரு தட்டு, பளிச்சென்று தமிழ். ஆனால் அந்தப் புண்ணியவான் தமிழ் எது, நான் ஆங்கிலத்திலேயே அடித்திருந்தது எது என்று பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மொட்டை. லாரி 'டழசசல' ஆகியிருந்தது. அதை மட்டும் திருத்த மனசு வரவில்லை. ராத்திரி எங்கள் தெருவில் அது போகும் சத்தம் அச்சு அசல் அதுதான். பக்கத்துக்குப் பக்கம் தேடித் தேடித் திருத்தினேன். முகவரியைப் பார்க்கவில்லை. சொந்த முகவரியை எவன் படிக்கிறான்?

விம்கோ நகருக்கு 2021-ல் மெட்ரோ வந்ததிலிருந்து எங்கள் மனுக்களில் அடையாளம் அதுதான். மனுவை வாங்கியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்:

"விம்கோ நகர், ஆநவசழ அருகில்... ஆநவசழவா? அது எங்க சார் இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சங்கத் தலைவர் முந்திக்கொண்டார். "புதுசா வந்துருக்கு சார். ரயில்லாம் நிக்குது."

அவரும் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்.