பதினேழாம் இடத்துக்குப் பாலாபிஷேகம்

2023 மே 28, ஞாயிறு இரவு. தமிழ்நாடே அகமதாபாத்தில் பெய்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸும் குஜராத் டைட்டன்ஸும் மோதவேண்டிய ஐ.பி.எல். இறுதிப்போட்டி, டாஸ்கூடப் போட முடியவில்லை. தார்ப்பாய் போர்த்திய மைதானத்தை எத்தனை நேரம்தான் வெறிப்பது? சேனலை மாற்றினேன். லிவர்பூல் நகரத்தில் எவர்டன் கால்பந்து அணி ஆடிய குடிசன் பார்க் அரங்கம் வந்தது. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். பாதிப் பேர் அழுகிறார்கள், மீதிப் பேர் அழுகிறவர்களைக் கட்டிப்பிடிக்கிறார்கள். கழுத்தில் நீலத் துண்டு போட்ட நரைத்தலைகள் வானத்தைப் பார்த்துக் கும்பிடாத குறை. நடுவர் கடைசி விசில் ஊதினாரோ இல்லையோ, ஜனம் தேர்த்திருவிழாபோலப் புல்தரையில் இறங்கிவிட்டது.

கோப்பையைத்தான் தூக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் புள்ளிப்பட்டியலைக் காட்டினார்கள். இருபது அணிகள். எவர்டன் பதினேழாவது.

கால்பந்து பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இங்கிலாந்து பிரீமியர் லீகில் கடைசி மூன்று இடம் பிடிப்பவர்கள் அடுத்த ஆண்டு கீழ்ப்பிரிவுக்குப் போகவேண்டும். ரெலிகேஷன் என்பார்கள். போனால் தொலைக்காட்சிப் பணம் போகும், நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள், டீ ஊற்றிக் கொடுப்பவரின் வேலையும் போகலாம். சவுதாம்ப்டன் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சமிருந்த இரண்டு பள்ளங்களின் ஓரத்தில் எவர்டன், லெஸ்டர், லீட்ஸ் என்று மூன்று பேர். எவர்டன் 1-0 என்று போர்ன்மவுத்தை வென்றது. 57-வது நிமிடத்தில் டூகுரே அடித்த அந்த ஒரே கோல் நிஜமாகவே அழகான கோல். நல்லதை நல்லது என்று சொல்லிவிட வேண்டும். லெஸ்டர் தன் ஆட்டத்தில் வென்றும் போனது. லீட்ஸ் டாட்டனத்திடம் நாலு உதை வாங்கிக்கொண்டு போனது.

ஆக, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பெருமூச்சு விடலாம், ஒரு தேங்காய்கூட உடைக்கலாம். தலைப்பாகைக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுவார்களா?

விட்டார்கள். என்ன ஆட்டம், என்ன ஆவேசம், சட்டைக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்று ஒரே புகழ்மாலை. கூடுதல் நேரமாகக் கொடுத்த பத்து நிமிடமும் நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். கோல்காவலர் பிக்ஃபர்ட் கடைசியில் தடுத்த ஒரு பந்தை இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்வார்களாம். சரி ஐயா. அன்றைக்கு உயிரைக் கொடுத்தவர்கள் அதற்கு முந்தைய 37 ஆட்டங்களில் உயிரை எங்கே வைத்திருந்தார்கள்? பேங்க் லாக்கரிலா? எதிரே ஆடியது யார் என்று கேட்டீர்களா? ஏற்கெனவே தப்பித்துவிட்டு, விடுமுறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த போர்ன்மவுத். அவர்களோடு ஒற்றைக் கோலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை தொங்கியதற்குப் பெயர் காவியம்.

மதிப்பெண் பட்டியலைப் பார்ப்போம். 38 ஆட்டம், 8 வெற்றி, 12 டிரா, 18 தோல்வி. ஒன்பது மாதத்தில் அடித்த கோல் 34. புள்ளிகள் 36. முப்பத்தாறு என்றதும் நம்மூர்ப் பத்தாம் வகுப்புப் பையன் “பாஸ்தானே சார்” என்பான். பொறு தம்பி, இது நூற்றுக்கு 36 இல்லை, நூற்றுப் பதினான்குக்கு 36. நம் தேர்வுத்துறைகூட இதற்குப் பாஸ் போடாது. இந்த மார்க்கை வாங்கி வந்த பிள்ளைக்கு எந்த அப்பாவாவது பட்டாசு வெடிப்பாரா? பக்கத்து வீட்டுப் பிள்ளை 34 வாங்கி ஃபெயிலானான் என்பதற்காக வெடிப்பார் என்றால், அவர் எவர்டன் ரசிகர். அந்தப் பக்கத்து வீடு லெஸ்டர். 2016-ல் ஊரே வாய்பிளக்க லீக் பட்டம் வென்ற வீடு அது.

எவர்டனின் சின்னத்தில் லத்தீனில் ஒரு வாசகம் உண்டு. நில் சாட்டிஸ் நிசி ஆப்டிமம். மிகச் சிறந்தது தவிர வேறெதுவும் நமக்குப் போதாது என்று பொருள். அந்தச் சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டுதான் பதினேழாம் இடத்துக்குப் பாலாபிஷேகம் செய்தார்கள். லத்தீன் செத்த மொழி என்பது இப்படியும் சில சமயம் வசதியாக இருக்கிறது.

சிரித்துக்கொண்டே போகலாம். ஆனால் இது ஒரு நாள் பைத்தியம் இல்லை, பரம்பரை. 1994 மே மாதம் விம்பிள்டனோடு இரண்டு கோல் பின்தங்கி, 3-2 என்று வென்று தப்பித்தார்கள். 1998-ல் கவென்ட்ரியோடு 1-1 டிரா. கோல் வித்தியாசத்தில் போல்டனைத் தள்ளிவிட்டுத் தப்பித்தார்கள். 2022 மே 19-ல் கிரிஸ்டல் பேலஸோடு மறுபடியும் இரண்டு கோல் பின்தங்கி, மறுபடியும் 3-2. அன்றும் ஜனம் புல்தரையில். மேலாளர் லாம்பார்ட் மேலே பாக்ஸில் ஏறி நின்று ஆடினார். ஆடியவரை எட்டு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது வேறு கதை.

எவர்டன் கடைசியாக லீக் பட்டம் வென்றது 1987-ல். எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது 1995-ல். அதற்குப் பிறகு பிறந்த ஒரு ரசிகனுக்கு வென்ற கதை என்று ஒன்றுமே இல்லை. தப்பித்த கதைதான் உண்டு. அவனுக்கு வாய்த்த ஒரே சந்தோஷம், தூக்குமேடையிலிருந்து இறக்கிவிடப்பட்ட சந்தோஷம். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்களைத் திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

ஃபர்ஹாத் மொஷிரி 2016 பிப்ரவரியில் இந்த கிளப்பின் பங்கை வாங்கினார். அதன்பின் ஏழு ஆண்டில் அவர் காலத்தில் வந்த நிரந்தர மேலாளர்கள் ஏழு பேர்: கூமன், ஆலர்டைஸ், சில்வா, அன்செலோட்டி, பெனிடெஸ், லாம்பார்ட், டைச். ஒருவர் பந்தைக் காலிலேயே வைத்து ஆடு என்பார், அடுத்தவர் தூக்கி அடி என்பார். முதலாமவர் வாங்கிய ஆள் இரண்டாமவருக்கு ஆகாது, இரண்டாமவர் வாங்கியவன் மூன்றாமவரின் பெஞ்சில். சமையல்காரர் மாறும்போதெல்லாம் மளிகைச் சாமானையும் தெருவில் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கினால் குடும்பம் என்ன ஆகும்? இதில் பெனிடெஸ் நியமனம் தனி ரகம். அவர் பக்கத்துத் தெரு எதிரியான லிவர்பூல் கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பங்காளி வீட்டுக் காரியஸ்தரைக் கூட்டிவந்து நம் கல்லாவில் உட்காரவைத்த மாதிரி. ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஆட்டக்காரர்களை வாங்க மட்டும் ஐம்பது கோடி பவுண்டுக்கு மேல் செலவு. 2021 வரையான மூன்று ஆண்டுகளில் கணக்கில் காட்டிய நஷ்டம் 37 கோடி பவுண்டுக்கு மேல். கொட்டியதில் மொஷிரியின் சொந்தப் பணமும் உண்டு, அதை மறைக்கவில்லை. பணக்காரர் தன் பணத்தையும் தொலைத்தார் என்பதால் ஊர்க்கிணற்றில் சாணி கரைத்தது புண்ணியம் ஆகிவிடாது.

2023 ஜனவரியில் இந்த ரசிகர்களுக்குக் கோபம் வந்தது, வராமல் இல்லை. நிர்வாகம் வெளியேறு என்று முழங்கினார்கள். ஜனவரி 14, சவுதாம்ப்டனோடு ஆட்டம். அன்று இயக்குநர்கள் யாரும் அரங்கத்துக்கு வரவில்லை. அவர்களுடைய பாதுகாப்புக்கு நிஜமான அச்சுறுத்தல் இருப்பதாகவும் வரவேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டதாகவும் கிளப் அறிக்கை விட்டது. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போகப் பயந்த மாமாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மொய் பாக்கி வைத்தவர்களாக இருப்பார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால், பட்டியலின் அடியில் கிடந்த சவுதாம்ப்டனிடம் எவர்டன் 1-2 என்று தோற்றது. ஆட்டம் முடிந்தும் ஒரு கூட்டம் எழுந்திருக்காமல் இருக்கையிலேயே உட்கார்ந்து கேள்வி கேட்டது.

ஜனவரியில் கேட்ட அந்தக் கேள்விக்கு மே மாதம் என்ன பதில் வந்தது? ஒரு கோல். கேள்வி கேட்டவர்கள் அந்தப் பதிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அன்று புல்தரையில் இறங்கியவர்களில் சிலர் நிர்வாகத்தைத் தூக்கு என்றும் கத்தினார்கள். ஆனால் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பவன் கத்துவதை எந்த முதலாளி காதில் போட்டுக்கொள்வார்? ஜூனில் தலைமை நிர்வாகி உட்பட மூன்று இயக்குநர்கள் விலகினார்கள். முதலாளி விலகவில்லை. ஒன்பது மாதக் கணக்கை ஒரு மாலையின் கைதட்டலில் தள்ளுபடி செய்துவிடுகிற கடன்காரன் கிடைத்தால், எந்தக் கடனாளிதான் ஊரைவிட்டு ஓடுவான்?

அன்று அந்த இடத்தில் புத்தி தெளிந்திருந்தவர், என் கணக்கில், மேலாளர் டைச் ஒருவர்தான். இது பயங்கரமான நாள், வேலை முடிந்தது என்பதைத் தவிர இதில் சந்தோஷம் ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில் பேசினார். வெற்றி விழாவில் ஒரே ஓர் ஆள் இழவு வீட்டு முகத்தோடு நிற்க, அவர்தான் மாப்பிள்ளை!

கணக்கு அதோடு தீரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 17-ல் எவர்டனுக்குப் பத்துப் புள்ளி வெட்டு. மூன்றாண்டு நஷ்டத்துக்கு லீக் வைத்த வரம்பு 10.5 கோடி பவுண்டு. எவர்டன் தாண்டியது 1.95 கோடி. மேல்முறையீட்டில் பத்து ஆறானது, ஏப்ரலில் வேறொரு கணக்குக்காக இன்னும் இரண்டு போனது. செலவழித்தவர் ஒருவர், கையெழுத்திட்டவர் ஒருவர், புள்ளி இழந்தது தாத்தா காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவர். நவம்பரில் பத்துப் புள்ளி போனதற்கு அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் இளஞ்சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்து, லீக் ஊழல் என்றார்கள். மான்செஸ்டர் சிட்டி மேல் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, அவர்களும் எல்லாவற்றையும் மறுத்து, விசாரணைகூடத் தொடங்காமல் கிடந்த நேரம் அது. ஆகவே கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அட்டையில் முதலாளி பெயர் இல்லை. மே மாதம் ஆனந்தக் கண்ணீருக்குப் பின்னால் ஒளிந்தவர், நவம்பரில் ஆத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பிறகு 2024 டிசம்பரில் கிளப்பை விற்றுவிட்டுப் போனார். முதலாளி விற்றுவிட்டுப் போகலாம். ரசிகன் எதை விற்றுவிட்டு எங்கே போவான்? லிவர்பூல் சட்டையைப் போட்டுக்கொண்டா?

“நம்மிடம் ரெலிகேஷனாவது உண்டா?” என்று கேட்பீர்கள். இல்லை. 2025-ல் நம் சூப்பர் கிங்ஸ் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தார்கள். அடுத்த வருஷமும் அதே மஞ்சள் சட்டை, அதே விசில். கடைசி இடத்துக்கு எந்தத் தண்டனையும் இல்லாத கடை அது. அதனால் நம்மவர்களுக்குப் பதினேழாம் இடத்துக்காக அழும் பாக்கியம் கிடைக்கவில்லை. எவர்டன்காரனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு எவ்வளவு என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புகழ்ந்தவர்கள் யாரையும் நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. மூச்சுத் திணறியவன் மூச்சு வந்ததும் கும்பிடத்தான் செய்வான். யாரைக் கும்பிடுகிறோம் என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிறவர் மீசை முறுக்க, மண்ணைத் தட்டிவிடும் வேலையை நாற்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிச் செய்யவேண்டியதில்லை.

அடுத்த சீசன் 2023 ஆகஸ்ட் 12-ல் எவர்டனுக்குத் தொடங்கியது. அதே குடிசன் பார்க், அதே ஜனம். ஃபுல்ஹாமிடம் 0-1 தோல்வி. அடுத்த வாரம் ஆஸ்டன் வில்லாவிடம் 0-4. அதற்கடுத்த வாரம் மறுபடியும் குடிசனில், வுல்வ்ஸிடம் 0-1. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை.