ஆண்டுக்கொரு சிறுவெற்றி: லாபிஸ் வட்டார எழுத்தாளர்களின் கொண்டாட்ட முறைமை குறித்து

1. வரையறை

ஓர் எழுத்தாளருக்கு ஓராண்டுக்குள் நேர்வதும், அவரே வாய்திறந்து சொல்லாவிட்டால் வேறெவருக்கும் தெரியாமல் போகக்கூடியதுமான நன்மை சிறுவெற்றி எனப்படும். ஞாயிறு பதிப்பில் கதை வருதல், போட்டியில் ஆறுதல் பரிசு பெறுதல், நெடுநாளாக இழுபட்ட நாவல் பத்தாம் அத்தியாயத்தைத் தாண்டுதல், பத்திரிகை ஆசிரியர் “பார்க்கலாம்” என்று சொல்லுதல் ஆகியன இதில் அடங்கும். விருதுகளில் பெரியவை அடங்கா. 2017ஆம் ஆண்டின் விஷ்ணுபுரம் விருது மலேசிய எழுத்தாளர் சீ. முத்துசாமிக்குக் கிடைத்தபோது அதற்கான விழாவைக் கோவையில் பிறர் எடுத்தார்கள். பிறர் விழா எடுத்தால் பெருவெற்றி, தாமே நண்பர்களுக்குத் தே தாரிக் என்னும் ஆற்றிய பால்தேநீர் வாங்கிக் கொடுத்தால் சிறுவெற்றி என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வரையறை.

2. ஆய்வுக் களம்

லாபிஸ், ஜோகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி அமைந்த ஊர். சுற்றிலும் தோட்டங்கள், அன்று ரப்பர் பால்மரம், இன்று பெரும்பாலும் செம்பனை. தமிழிலும் மலையாளத்திலும் எழுதும் சிங்கப்பூர் எழுத்தாளர் கமலாதேவி அரவிந்தன் பிறந்தது இங்கேதான். இவ்வாய்வுக்கு இது முக்கியமான தகவல். “எழுதி என்னத்தைக் கண்டீங்க?” என்று வீட்டில் கேள்வி எழும்போதெல்லாம் உள்ளூர் எழுத்தாளர் எடுத்துக்காட்ட ஒரு முன்னுதாரணம் கைவசம் உண்டு. ஆனால் அவர் ஊரைவிட்டுப் போன பிறகல்லவா பெயர் பெற்றார் என்று வீட்டார் மடக்குவதும் உண்டு. இவ்வாதம் இதுவரை முறியடிக்கப்படவில்லை.

3. வரலாறு

மலாயாத் தமிழ் எழுத்தாளரின் வெற்றியை முதலில் அளந்தவர்கள் வாத்தியார்கள். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளேட்டில், 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எழுதுவதற்கும் பாடம் உண்டு, சோதனை உண்டு என்று ஆனது. தேறுவதே அக்காலத்துச் சிறுவெற்றி. தொடர்ந்து 1952 முதல் 1957 வரை தமிழ்நாட்டுச் சிறுகதையாளர் கு. அழகிரிசாமி அவ்வேட்டில் பணியாற்றினார். அவர் வாயால் ஒரு கதைக்கு “பரவாயில்லை” கிடைத்தால் அதை ஆண்டுக் கணக்கில் சேர்ப்பதா, ஆயுள் கணக்கில் சேர்ப்பதா என்பது விவாதத்துக்குரியது.

முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில் அதே ஏடு சிறுகதைகளுக்குப் பவுனைப் பரிசாக அறிவித்தது. கொண்டாட்ட வரலாற்றில் இது ஒரு திருப்பம். ரொக்கம் கிடைத்தால் அது எழுத்தாளரின் சட்டைப் பையில் தங்கி, கோப்பிக் கடையில் கரையும். பவுனோ நேரே வீட்டம்மாவிடம் போய்ச் சேரும். இலக்கியத்தால் குடும்பத்துக்கு ஆதாயம் உண்டென்று அடுப்படி வரை நிரூபித்துக்காட்டிய திட்டம் இதைப் போல் இன்னொன்று இல்லை.

பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி வைத்து, தேர்ந்த கதைகளைப் ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுத்து வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. கொண்டாட வேண்டிய தேவை நிற்கவில்லை.

4. வகைகள்

சிறுவெற்றி நால்வகைப்படும்.

முதலாவது அச்சு வெற்றி. பெயர் பிழையில்லாமல் அச்சாவது இதன் உயர்நிலை. தலைப்பெழுத்து மாறி வருவது நடுநிலை. கதை தம்முடையது, படம் வேறொருவருடையது என்பது கடைநிலை. இருப்பினும் இதுவும் கொண்டாடத்தக்கதே.

இரண்டாவது பரிசு வெற்றி. முதல் பரிசு அரிதாகையால் ஆறுதல் பரிசே ஆய்வுக்கு ஏற்றது. “மொத்தம் எத்தனை கதை வந்துச்சாம்?” என்று நண்பர் கேட்கும்போது தொகை கூட்டிச் சொல்லப்படுவது இதன் இயல்பு.

மூன்றாவது எண்ணிக்கை வெற்றி. இதற்கு மேனாட்டுச் சான்று உண்டு. அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்த அந்தோணி டிரோலோப், பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்து, வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம் வருமாறு நாட்குறிப்பில் கணக்கெழுதினார். தோட்டத்துக் கணக்கரான கிராணி ரப்பர் பாலை நிறுத்து ஆளுக்கு ஆள் பதிந்ததைப் போன்ற கணக்கு இது. வேறுபாடு ஒன்றுதான்: கிராணியின் புத்தகத்தில் விழுந்த எண்ணுக்குச் சம்பளம் உண்டு.

நான்காவது வாசக வெற்றி. “சார், பேப்பர்ல உங்க பேரைப் பார்த்தேன்” என்பது இதில் சேராது. “அந்தக் கதையில வர்ற மண்டோர் எங்க பெரியப்பாதானே?” என்பது சேரும். இந்தக் கேள்வியில் சண்டைக்கு இடமிருக்கிறது. ஆனால் கேட்டவர் கதையைக் கடைசி வரி வரை படித்திருக்கிறார். நால்வகையிலும் அரியது இதுவே.

5. செயல்முறை

கதை வரும் ஞாயிறன்று எழுத்தாளர் கடை திறக்கும் முன்பே போய் நிற்பார். வாங்கும் படிகள் மூன்று. ஒன்று கத்தரித்துக் கோப்பில் ஒட்ட. ஒன்று முழுசாக அலமாரியில் வைக்க. மூன்றாவது கோப்பிக் கடை மேசையில் மறந்துவிட்டுப் போவதற்கு. மறக்கப்படும் பிரதி, கதைப் பக்கம் மேலே தெரியும்படி மடிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் தே தாரிக் குவளையை வைக்க அனுமதியில்லை.

அடுத்து வாட்ஸ்அப். பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் குழுவில் போடுவதே முறை. எழுத்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்திருக்கும். அது குறையாகக் கருதப்படுவதில்லை. படம் போன மறு நொடியே வரும் வாழ்த்துகள் படிக்காதவர்களுடையவை. மறுநாள் வரும் ஒரே வரி, பெரும்பாலும் ஒற்றுப்பிழையைச் சுட்டுவது, படித்தவருடையது.

ஜோகூரில் வேறொரு சிக்கலும் இருந்தது. 2014 முதல் 2024 முடிய மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. தமிழ் எழுத்தாளரில் பலர் பள்ளி ஆசிரியர்கள். பிற மாநிலங்கள் பலவற்றில் ஞாயிறு பதிப்பை விரித்துவைத்துக் கொண்டாடிய வேளையில், லாபிஸ் எழுத்தாளர் வகுப்பறையில் வாய்பாடு கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. கொண்டாட்டம் ஓய்வுவேளைக்குள் சுருங்கியது. 2025 ஜனவரியில் ஞாயிறு மீண்டும் விடுமுறை ஆனதை இலக்கியச் சீர்திருத்தமாக எவரும் பதிவுசெய்யாதது வியப்பே.

6. வரவு செலவு

சன்மானம் வந்தால் வரவு. வராவிட்டால் மூன்று படிகளின் விலையும் மேசைக்கு வந்த தே தாரிக்கும் ரொட்டி சானாயும் முழுச் செலவு. வெற்றி பெருகப் பெருக நட்டமும் பெருகும் ஒரே தொழில் இது என்பதால், ஆண்டுக்கு ஒன்று என்ற அளவைக் குடும்பங்கள் பரிந்துரைக்கின்றன.

பல ஆண்டுச் சிறுவெற்றிகள் சேர்ந்தால் நூல் ஆகும். மலேசிய வழக்கில் நூலை அச்சிடுபவர் பெரும்பாலும் எழுதியவரே. நூல் வெளியீட்டில் பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெரிய தொகை கொடுத்துப் பெறுவார். மற்றவர்கள் வரிசையில் வந்து உறையை நீட்டி, நூலோடு படமெடுத்துக்கொள்வார்கள். எஞ்சிய பிரதிகள் கட்டிலுக்கடியில் சேரும். 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் சிகாமட் மாவட்டம் கண்டதைப் போன்ற வெள்ளம் வந்தால், முதலில் நனைவது கட்டிலுக்கடிதான். “கைவசம் ஒரு பிரதிகூட இல்லை” என்று அதன்பின் எழுத்தாளர் மெய்யாகவே சொல்லலாம்.

7. விதிகள்

கணக்கு டிசம்பரில் முடிக்கப்படும். சென்ற ஆண்டு வெற்றியை இவ்வாண்டு கொண்டாடக் கூடாது; அதே கதை தொகுப்பில் மறுபடி வந்தால் மட்டும் விலக்கு. ஒன்றும் நேராத ஆண்டில், எழுதி முடித்து இன்னும் அனுப்பாத கதையைக் கொண்டாடலாம். அதை எந்த ஆசிரியரும் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. எழுதத் தொடங்காத கதையைக் கொண்டாடுவோரும் உளர். அவர்களுக்குத் தே தாரிக் அவரவர் காசில்.

ஒரே வாரத்தில் இருவருக்கு வெற்றி நேர்ந்தால் கடையில் யார் காசு கொடுப்பது என்பதற்கு எழுதப்பட்ட விதி இல்லை. மூத்தவர் கொடுப்பதே வழக்கம், இளையவரின் கதை நன்றாக இருந்தாலும்.