பதினொரு செக்கன்

1996இல் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டினார்கள். கண்டியே புதுப் பற்றரிக்கு அலைந்துகொண்டிருந்த அந்த நாட்களில், செத்த பற்றரி கேட்டு வீடு வீடாகப் போனவன் நான் ஒருவன்தான்.

"அக்கா, ரேடியோவுல போட்டு முடிஞ்ச பற்றரி ஏதும் இருக்குங்களா?"

"முடிஞ்சது எதுக்கு தம்பி?"

"பாட்டு கேக்க."

எனக்குப் பெண் கிடைக்கச் சுணங்கியதற்கு, நாங்கள் இருந்த கட்டுக்கலை முழுக்கப் பரவிய இந்தக் கதையும் ஒரு காரணம் என்று அம்மா கடைசிவரை நம்பினார்.

விஷயம் இதுதான். பேராதனை வீதியில் ஒரு ரெக்கோர்டிங் பாரில் அண்ணன் அடித்துக்கொண்டு வந்த கசெற் ஒன்று வீட்டில் கிடந்தது. ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு. 1975 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்து, மறுவருடம் வெளியிட்டது. ஜோன் மெக்லாக்லின் கிற்றார், எல். சங்கர் வயலின், சாகிர் உசேன் தபேலா, விநாயக்ராம் கடம், ராகவன் மிருதங்கம். முதல் உருப்படியின் பெயர் ‘ஜோய்’. பதினெட்டு நிமிடம். கேட்பவனுக்கு ஆனந்தம்தான், மறுப்பதற்கில்லை. அதிலுள்ள கிற்றார் சோலோவைக் காதால் கேட்டு எழுத உட்கார்ந்தவனிடம் வந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

மெக்லாக்லின் இங்கிலாந்துக்காரர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர். சக்தி காலத்தில் அவருக்கென்றே செய்த கிற்றாரில் வழக்கமான ஆறு தந்திக்குக் கீழே குறுக்காக இன்னும் ஏழு தந்தி, சும்மா கூட நின்று ரீங்கரிக்க. கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள், வீணையில் போலத் தந்தியை அமுக்கி கமகம் எடுக்க. என்னிடம் இருந்த கிற்றாரிலும் ஒரு விசேஷம் உண்டு. தந்திக்கும் கட்டைக்கும் நடுவே சுண்டெலி படுத்துத் தூங்கலாம்.

ஆள் வாசிக்கும் வேகத்துக்கு நேரடியாகக் கேட்டு எழுத முடியாது. பெரிய ஸ்பூல் ரேப் வைத்திருந்த பணக்காரர்கள் பாதி வேகத்தில் ஓடவிடுவார்கள். பாதி வேகம் என்றால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும், கணக்குச் சுத்தம். நான் கசெற் கேட்ட வோக்மனுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் பற்றரி இறங்கினால் அதுவும் மெதுவாக ஓடும். எவ்வளவு மெதுவாக என்பது பற்றரியின் மனநிலையைப் பொறுத்தது. அது சாகச் சாகச் சுருதியும் கூடவே சாகும். நானும் பிருடையைத் தளர்த்திக்கொண்டே போவேன். கடைசியில் என் தந்திகள் கொடியில் காயும் சாரம் மாதிரித் தொங்கும்.

சீ.ஆர். கொப்பியில் ஆறு கோடு போட்டு, எந்தத் தந்தியில் எந்தக் கட்டை என்று எண் எழுதுவேன். இரண்டு செக்கன் கேட்பது, நிறுத்துவது, கசெற்றை வெளியே எடுத்துப் பென்சிலை விட்டுப் பின்னுக்குச் சுற்றுவது. (ரீவைண்ட் பொத்தான் பற்றரியைத் தின்னும். செத்த பற்றரியையும் சிக்கனமாகத்தான் சாகடிக்க வேண்டும்.) எசல பெரஹரா நாட்களில் கொப்பியை மூடிவிடுவேன். அந்த ஊர்வலத்து மேள முழக்கம் இரண்டு நாள் காதுக்குள் ஓடும். அந்தக் காதோடு எழுதினால் மெக்லாக்லின் யானைக்கு முன்னால் நடந்து போவது போல வரும்.

மூன்று கிழமையில் பதினொரு செக்கன் எழுதினேன்.

அதில் ஒன்பதாவது செக்கனில்தான் என் உயிர் இருந்தது. மடமடவென்று படியேறி வருகிற மனுஷன், அந்த இடத்தில் படியே இல்லாமல் மேல்மாடியில் நிற்பார். எப்படிப் போனார் என்று தெரியாது. அந்தத் தாவலை மட்டும் நாலு மாதம் சாதகம் செய்தேன். சுண்டுவிரல் வீங்கியது. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். வருகிறவர்கள் குறைந்தார்கள்.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குத் தவில் வாசிக்க வந்த அண்ணன் ஒருவரையும் விடவில்லை. பிளேன்ரீ கொடுத்து உட்கார வைத்தேன். அவர் தொடையில் தட்டிக்கொண்டு, "தகிட தகதிமி" என்று வாய்க்குள்ளேயே ஓட்டிக்கொண்டு கேட்டார். அந்த இடம் வந்தது. கை அந்தரத்தில் நின்றது.

"தம்பி, இங்க கணக்கு உதைக்குதே. கொஞ்சம் காணாமப் போகுது."

"அது ஃபியூஷன் அண்ணே," என்றேன்.

இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

2024 பெப்ரவரியில் சக்தி குழு ‘திஸ் மோமென்ட்’ இசைத்தட்டுக்குக் கிராமி விருது வாங்கியது. அந்தச் சந்தோஷத்தில் யூடியூபில் பழைய ‘ஜோய்’யைத் தேடினேன். கசெற் மனப்பாடமாக இருந்ததால் அதுவரை மூலத்தைத் தேடிப் போகத் தோன்றவேயில்லை. யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி அசையாமல் நிற்கிறது. பற்றரிப் பிச்சை எடுத்தவன் வயிறு எரியுமா எரியாதா? எரிச்சலோடு ஒன்பதாவது செக்கனுக்குக் காத்திருந்தேன்.

தாவல் இல்லை. படி இருந்தது. ஒவ்வொரு படியாக, ஒழுங்கு மரியாதையாக ஏறி மாடிக்குப் போகிறார். மூன்று தரம் கேட்டுவிட்டு டொரொன்டோவிலுள்ள அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே விடியற்காலை.

"அதுவா? நாடா சிக்கிக் கசங்கிப்போச்சுடா. நான்தான் கசங்கின துண்ட வெட்டிட்டு ஒட்டினேன். தெரியவே தெரியாதே?" குரலில் பெருமை வேறு.

கசெற்றில் நாடா செக்கனுக்கு ஏறத்தாழ நாலே முக்கால் சென்ரிமீற்றர் ஓடும். அண்ணன் மூன்று சென்ரிமீற்றர் வெட்டியிருந்தாலும் அரைச் செக்கனுக்கு மேல். மெக்லாக்லின் வேகத்தில் அதற்குள் ஏழெட்டுச் சுரம் குடும்பம் நடத்திவிடும். இருபத்தெட்டு வருடமாக நான் வாசித்தது அண்ணனின் கத்தரிக்கோலை. தவில் அண்ணன் எங்கே இருக்கிறாரோ, சீனியாவது இன்னும் இரண்டு கரண்டி போட்டிருக்கலாம்.

உள்ளபடி வாசிக்கப் பார்த்தேன். விரல் சம்மதிக்கவில்லை. அந்த இடம் வந்தால் பழக்கதோஷத்தில் மாடிக்குத் தாவிவிடுகிறது. வெளியே சொல்லிவிடாதீர்கள், எனக்கு இன்னமும் அண்ணன் பதிப்புத்தான் பிடிக்கும்.

போன மாதம் மகள் ஒரு வேலை தந்தாள். பின்னேரம் எங்கள் தெருவுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு சூன் பாண் ஓட்டோ வரும். பேத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபியூர் எலீஸ்’ இந்த நாட்டில் பாணுக்கும் மீன் பணிஸுக்கும் உரிய ராகம். "காதால கேட்டு வாசிப்பீங்கதானே அப்பா, இத வாசிங்க பாப்போம்" என்றாள். கால் மணி நேர வேலை. எங்கள் ஓட்டோவின் ஸ்பீக்கரில் ஒரு கோளாறு: பாட்டு பாதியில் ஒரு இடத்தில் டக்கென்று வெட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த வெட்டையும் விடாமல் எடுத்து, மறுநாள் காலையில் வாசலில் உட்கார்ந்து வாசித்தேன்.

நாலாவது சுற்றில் எதிர்வீட்டு அக்கா பர்சோடு கேற்றுக்கு வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

"ஓட்டோன்னு நெனச்சுட்டேன் தம்பி. அந்த வெட்டுற எடங்கூட அப்படியே வந்திச்சே."

உள்ளே போய், எங்கள் வீட்டுப் பாணில் பாதியை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன்.