ராஜா போட்ட கமிட்டி

1783இல் வெர்சாய் உடன்படிக்கையில் பிரான்சும் இங்கிலாந்தும் உட்கார்ந்து பாகப்பிரிவினை செய்ததில், புதுச்சேரிக்கு ஒட்டாக வில்லியனூரும் பாகூரும் பதினாறாம் லூயி பங்குக்கு வந்தன. செலியமேட்டுக் கழனிக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும். நமக்கு வாய்த்த ராஜா அடுத்த வருஷம் என்ன வேலையாக இருந்தார்? மந்திரிக்கிற ஆசாமி ஒருவரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆசாமியின் பெயர் மெஸ்மர். வியன்னாவிலிருந்து பாரிஸ் வந்தவர். உடம்புக்குள் காந்தத் திரவம் ஓடுகிறது, அடைத்துக்கொண்டால் நோய், நான் கைவைத்தால் திறந்துகொள்ளும் என்றார். நடுவில் மரத்தொட்டி, அதிலிருந்து நீளும் இரும்புக் கம்பிகள், பின்னணியில் கண்ணாடி வாத்தியம், மேலே ஊதா அங்கி. உடுக்கையும் வேப்பிலையும்தான் பாக்கி. சீமாட்டிகள் சாமி வந்ததுபோல் துடித்து விழுவார்கள். எழுந்து, சொஸ்தமாகிவிட்டது என்பார்கள்.

ராஜா கமிட்டி போட்டார். ஃபிராங்க்ளின் (அந்தக் கண்ணாடி வாத்தியத்துக்கு உருக்கொடுத்த புண்ணியவானும் இவரே), லவாய்சியர், டாக்டர் கில்லட்டின் எல்லாம் பெரிய தலைகள். மெஸ்மர் நழுவிவிட்டார். மாட்டிக்கொண்டவர் சீடர் டாக்டர் தெஸ்லோன்.

ஃபிராங்க்ளின் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்கு தெஸ்லோன் காந்தம் ஏற்றினார். பன்னிரண்டு வயசுப் பையனைக் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் கூட்டிப்போனார்கள். நாலாவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். காந்த மரமோ அங்கே தள்ளி, தன் பாட்டுக்கு நின்றது! லவாய்சியர் வீட்டில் ஓர் அம்மாள் வெறும் தண்ணீருக்கே சுருண்டார். மந்திரித்த தண்ணீரை அமைதியாகக் குடித்துமுடித்தார்.

திரவமும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் மனக்கற்பனை என்று தீர்ப்பு. இன்று புது மருந்தைச் சோதிக்கையில் யாருக்கு மருந்து, யாருக்கு மாவு மாத்திரை என்று மறைக்கிறார்களே, அந்த வழக்கத்துக்குக் கொள்ளுத்தாத்தா அந்தக் கண்கட்டுத் துணி.

ஆனால் கமிட்டி பாதி வேலையோடு எழுந்துவிட்டது என்பேன். வெறும் தண்ணீர் ஆளைக் கீழே தள்ளுமென்றால், எழுப்பியும் விடுமே? கற்பனைதான் நல்ல மருந்து என்றால் அதையே கொடுத்தால் என்ன என்று தெஸ்லோனும் கேட்டார். அவரைப் பதில் சொல்லி மதிப்பார் இல்லை.

அப்புறம் புரட்சி வந்தது. 1793இல் ராஜாவின் தலையும் 1794இல் லவாய்சியர் தலையும் உருண்டன, கமிட்டி டாக்டரின் பெயரையே தாங்கிய இயந்திரத்தில். அதற்கு மட்டும் நோயாளியின் நம்பிக்கை தேவைப்படவில்லை.