வெள்ளைக்காரன் மில்லும் தேசிங்கு செக்கும்

சீயமங்கலத்துக்காரன் சரித்திரத்தைக் கிண்டல் செய்தால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. இந்த ஊர்ப் பாறையில் முதலில் உளி வைக்கச் சொன்ன ராஜாவே ஒரு கிண்டல் எழுத்தாளன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குடைவரை எடுத்த முதலாம் மகேந்திரவர்மன்தான் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதியவன். குடிபோதையில் கபாலத்தைத் தொலைத்துவிட்ட ஒரு காபாலிகன், எடுத்தது நீதான் என்று ஒரு புத்த பிட்சுவைத் தெருச் சண்டைக்கு இழுக்கிற கதை. கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். வடக்கே சாளுக்கியன் இருக்கும்போது இப்படி நாடகம் எழுத உட்கார்ந்த ராஜாவை எங்களுக்குப் பிடிக்கும்.

பட்டப்பெயர் விஷயத்திலும் அவன் நம்ம ஆள்தான். விசித்திரசித்தன், குணபரன், சத்துருமல்லன், லளிதாங்குரன், அவனிபாஜனன் என்று அடுக்கினால் இன்றைக்கு ஒரு பிளெக்ஸ் பேனர் போதாது. எங்கள் கோயிலுக்கு அவன் வெட்டிவைத்த பெயர் அவனிபாஜன பல்லவேச்சுரம். ஊர் வாய்க்கு அவ்வளவு நீளம் சரிப்படவில்லை. சாமி தூணாண்டார் ஆகிவிட்டார். செஞ்சிக்குத் தெற்கே மண்டகப்பட்டில் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமை அடித்துக்கொண்டான். மணலும் கம்பியும் வாங்கி ஒரு கக்கூஸ் கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெருமை புரியும்.

இத்தனை செய்தவனை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இந்த வட்டாரத்தின் ஞாபகத்துக்கு இரண்டே அலமாரி. பழசாக எது இருந்தாலும் தேசிங்கு ராஜா கட்டியது. உறுதியாக எது இருந்தாலும் வெள்ளைக்காரன் கட்டியது. இடிந்த மண்டபம், தூர்ந்த கிணறு, பாதி மதில் எல்லாம் தேசிங்கு. மதகு, பாலம், தாலுகா ஆபீஸ் கதவு எல்லாம் வெள்ளைக்காரன். பழசாகவும் உறுதியாகவும் இருந்துவிட்டால்தான் திண்ணையில் தகராறு வரும்.

தேசிங்குக்கு இதில் அநியாயச் சுமை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714 அக்டோபரில் செத்துப்போனபோது அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயதுதான் என்கிறார்கள். செஞ்சியை ஆண்டது சுமார் பத்து மாதம். பத்து மாதத்தில் இத்தனை கிணறு வெட்டியிருந்தால் சண்டைக்குப் போகாமல் இடுப்பு வலியிலேயே படுத்திருப்பான். ஆனால் குதிரை இருந்தது, காதல் இருந்தது, உயிர் கொடுத்த நண்பன் இருந்தான். பாட்டுக் கட்டினார்கள், தெருக்கூத்து ஆடினார்கள், 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்தும் முடித்தார். அதற்கு மேல் ஆண்ட காலத்தை யார் கணக்குப் பார்ப்பது?

அவனுக்கு முன்னும் பின்னும் செஞ்சி மலைக்கு வந்துபோனவர்களைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருக்கும். நாயக்கர்களிடமிருந்து பிஜப்பூர்காரன் பிடித்தான். 1677-ல் சிவாஜி பிடித்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் வந்து கூடாரம் அடித்தவர், 1698-ல்தான் உள்ளே போனார். எட்டு வருஷம்! முற்றுகை போட்டாரா, குடித்தனம் நடத்தினாரா என்று அந்தக் காலத்திலேயே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த மராட்டிய ராஜா ராஜாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார். எட்டு வருஷக் கோட்டையை 1750-ல் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தான். 1760 ஜனவரியில் எங்கள் தாலுகா தலைநகரான வந்தவாசியில் அயர் கூட் பிரெஞ்சுப் படையை அடித்து நொறுக்க, அடுத்த வருஷம் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் வந்து செஞ்சியை வாங்கிக்கொண்டார்.

வாங்கியவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ‘கிழக்கின் டிராய்’ என்று பெயர் மட்டும் வைத்தார்கள். 1803-ல் ஒரு கலெக்டர் இதை இடித்துத் தள்ளிவிடலாம் என்று மேலே எழுதிப்போட்டார். நல்லவேளை, சர்க்கார் காகிதம் சர்க்கார் காகிதமாகவே நடந்துகொண்டதால் கோட்டை பிழைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் விவரமாக வேங்கடரமணர் கோயில் தூண்களைப் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவை எங்கள் பக்கத்துத் தூண்கள். அங்கே போட்டோ எடுத்துக்கொள்பவர்கள் செஞ்சிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்து நெற்களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்து, வௌவால் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கோட்டையின் கதை அங்கேதான் இருக்கிறது. பீரங்கிக்குக் கூடக் கட்டாத அளவுக்குச் சுவரை நெல்லுக்குக் கட்டியிருக்கிறார்கள். எட்டு வருஷம் மலைமேல் இருந்தவர்கள் வீரத்தையா சாப்பிட்டார்கள்? களஞ்சியத்தில் இருந்தது நெல். நெல்லை யாராவது குத்தினால்தான் அரிசி. பீரங்கி எத்தனை, குதிரை எத்தனை என்று ஆயிரம் பக்கம் எழுதிவைத்த சரித்திரக்காரர்களில் ஒருவர் கூட உலக்கை எத்தனை என்று எண்ணவில்லை.

சரி, வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளைக்காரனை நேரில் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்திருப்பார்கள். அவன் ராஜ்ஜியம் நடந்தது மணியக்காரர், கர்ணம், தலையாரி, வெட்டியான் என்ற நால்வரால். ஜமாபந்தி சமயத்தில் தோப்பில் கூடாரம் அடித்தால் தூரத்தில் ஒரு தொப்பி தெரியும், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் 1947-ல் போனான். கர்ணமும் மணியக்காரரும் அதற்குப் பிறகும் முப்பத்துமூன்று வருஷம் இருந்தார்கள். அவர்களை அனுப்ப 1980-ல் எம்.ஜி.ஆர். வரவேண்டியிருந்தது. தேசிங்காக நடித்தவரேதான்.

அப்படியானால் ‘வெள்ளைக்காரன்’ என்று கிழவிகள் அடித்துச் சொன்னது யாரை? எனக்கு ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. மாவு மில்காரரை. தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, இமை வெள்ளை, அக்குளில் மட்டும் கொஞ்சம் சொந்த நிறம். சொன்னால் சொன்னதுதான், பேரம் கிடையாது. அவர் கையை உயர்த்தினால் இன்ஜின் நிற்கும். ஆட்சி செய்கிறவன் வேறு எப்படி இருப்பான்?

அவர் பின்னால் அறைக்குள் உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் நிஜமாகவே வெள்ளைக்காரச் சரக்குதான். தமிழ்நாட்டு அரைவை மில்களில் இருந்த ரஸ்டன், லிங்கன் ஊரில் பிறந்தது. பிளாக்ஸ்டோன், ஸ்டாம்ஃபர்டில். லிஸ்டர், டர்ஸ்லி என்ற சின்ன ஊரில். கிராஸ்லி மட்டும் மான்செஸ்டர் பட்டணத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் சிற்றூர்கள் நம் கிராமத்துக்குள் வந்தது இந்த வழியில்தான். கலெக்டர் வழியில் அல்ல. நெல் உரித்த ஹல்லர் இன்னும் வேடிக்கை. ஏங்கல்பர்க் என்பவர் 1880-களில் பிரேசிலில் காப்பிக்கொட்டைக்காகவும் நெல்லுக்காகவும் யோசித்தது, அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துச் சிரக்யூஸில் தொழிற்சாலை கண்டது. ஜெர்மன் பெயர், பிரேசில் மூளை, அமெரிக்க இரும்பு, ஆங்கிலேய இன்ஜின், நடுவில் எருமைத் தோல் வார், உள்ளே போவது எங்கள் சம்பா நெல். ஐ.நா. சபை அப்புறம்தான் ஆரம்பித்தார்கள்.

அந்த இன்ஜினைக் கிளப்புவது ஒரு திருவிழா. ஹேண்டிலைப் போட்டு ஒருவர் சுற்ற, இன்னொருவர் பெல்ட்டைத் தள்ள, மூன்றாமவர் யோசனை சொல்ல, முதல் ‘டுப்’ வந்ததும் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். இரண்டாவது ‘டுப்’ வந்ததும் இன்னும் உரக்கத் தொடருவார்கள். மாமியார்கள் மில்லைத் திட்டினார்கள். உரலில் குத்திய அரிசிக்கு ருசி தனி என்று சொன்ன ஒரு மாமியாரும் தான் உலக்கை பிடிக்கிறேன் என்று சொன்னதாகத் தகவல் இல்லை. மருமகள்களுக்கு மில் கொடுத்தது வெள்ளை அரிசி மட்டுமல்ல. கூடையை இறக்கிவைத்து, வரிசை வரும்வரை நியாயமாக உட்கார்ந்திருக்க ஒரு இடம். ‘மில்லுல கும்பல்’ என்ற இரண்டு சொல்லில் ஒரு சாயங்காலமே கிடைத்தது.

இந்த வசதி இங்கிலாந்துக் கிராமத்துக்காரர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. அங்கே ஒரு காலத்தில் பண்ணையாரின் மில்லில்தான் அரைக்கவேண்டும், அரைத்ததில் அவருக்குப் பங்கு வைக்கவேண்டும். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் மடாதிபதியே மில் முதலாளி. வீட்டுத் திரிகையில் ரகசியமாக அரைத்த ஜனங்களிடமிருந்து கல்லைப் பறிமுதல் செய்து, தன் அறைக்குத் தரையாகப் பாவிவிட்டார். 1381 கலகத்தில் ஜனங்கள் உள்ளே புகுந்து தரையைப் பெயர்த்து, கல்லை உடைத்து, கோயில் பிரசாதம் போல ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போனார்கள். நம் ராஜாக்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. செக்கிறை என்று செக்குக்கு ஒரு வரி, தறியிறை என்று தறிக்கு ஒரு வரி, அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கல்லைப் பிடுங்கவில்லை, காசை மட்டும் பிடுங்கினார்கள்.

மில் அரிசி வெள்ளைவெளேர் என்று வந்ததும் டாக்டர்கள் விழித்துக்கொண்டார்கள். மேல்தோலோடு பி1 சத்தும் தவிட்டில் போய்விட, தீட்டிய பச்சரிசியையே தின்ற வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி வந்தது. நாங்கள் தப்பித்தது புழுங்கலால். நெல்லை வேகவைக்கும்போது சத்து உள்ளே இறங்கிக்கொள்கிறது. எந்தப் பாட்டி கண்டுபிடித்தாளோ, அவளுக்குச் சிலை இல்லை. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் 1920-களில் எலிகளை வைத்து இதை ஆராய்ந்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் பயில்வான்களாக வளர்ந்தன. மதராஸ் சாப்பாடு தின்றவை கடைசி வரிசையில் நின்றன. இதோடு விட்டிருந்தால் நமக்குத் தலைகுனிவு. மனுஷர் நேர்மையானவர், தன் நாட்டு ஏழைகளின் சாப்பாட்டையும் ஒரு கூண்டுக்குப் போட்டார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், சர்க்கரை டீ. அந்த எலிகள் சிடுசிடுத்து, ஆள் கையைக் கடித்து, இரண்டு மாதம் ஆவதற்குள் ஒன்றையொன்று கொன்று தின்ன ஆரம்பித்தன. உலகத்தில் பாதியை இவர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்ற கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை.

ஆனால் இந்த மண்ணை நிஜமாகவே பிடித்தது யார் என்று கேட்டால் மொகலாயனும் இல்லை, ஸ்டீபன் ஸ்மித்தும் இல்லை. மல்லாட்டை. பட்டணத்துக்காரர்கள் வேர்க்கடலை என்கிறார்கள், தெற்கத்திக்காரர்கள் கடலை என்கிறார்கள். எங்களுக்கு மணிலாக்கொட்டை, வாயில் உருண்டு மல்லாட்டை. பிறந்தது தென்னமெரிக்கா, பெயர் பிலிப்பைன்ஸ், குடியுரிமை தென்னார்க்காடு. மானாவாரிச் செம்மண்ணில் அது காய்த்த காய்ப்பைப் பார்த்து மாட்டுவண்டிகள் பாண்டிச்சேரிக்கு ஓடின. 1879-ல் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலும் வந்தது. அங்கிருந்து கப்பலேறி மார்செய் துறைமுகம். அங்கே எண்ணெய் ஆட்டி, எண்ணெயைச் சோப்பாக்கினார்கள். செஞ்சியை 1761-ல் இழந்த அதே பிரெஞ்சுக்காரன், ஒரு குண்டு கூடச் சுடாமல் செஞ்சிச் சீமையை வருஷா வருஷம் முதுகில் தேய்த்துக் குளித்திருக்கிறான். புஸ்ஸிக்கு இது தெரிந்திருந்தால் ராத்திரியில் மலையேறி மூச்சு வாங்கியிருக்க மாட்டான்.

வெள்ளைக்காரனும் சும்மா இல்லை. திண்டிவனத்தில் எண்ணெய்வித்துப் பண்ணை வைத்தான். 1940-ல் அங்கே வெளியான டி.எம்.வி. 2 ரகத்தில் அந்த ‘டி.எம்.வி.’ திண்டிவனம்தான். தேசிங்கு பெயரில் ஒரு ரகம் கூட விடவில்லை என்பது எங்கள் நெடுநாள் குறை. செஞ்சிக்கு ரயில் விடவில்லை என்பது அதைவிட நெடுநாள் குறை. அதற்கு வெள்ளைக்காரனை மட்டும் திட்டிப் பயனில்லை.

கரண்டு வந்தது, மோட்டார் வந்தது, ரஸ்டன் எடைக்குப் போனது. ரேஷன் அரிசி வந்தது, உரல் கால் கழுவும் கல்லானது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ வந்து, மராட்டியர் கோட்டைகளின் பட்டியலில் செஞ்சியைச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. களஞ்சியத்து வௌவால்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பட்டம்.

அந்தச் செய்தி வந்த வாரத்தில் தேசூர் சாலையோரம் ஒரு பழைய கல்செக்கைப் பார்த்தேன். பாதி மண்ணில் புதைந்து, மேலே ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தன் தாத்தாவிடம் கேட்டான்.

“இது யாரு செஞ்சது தாத்தா?”

“தேசிங்கு ராஜா.”

“அவரு பத்து மாசம்தானே ஆண்டாரு, சாரு சொன்னாரே.”

தாத்தா செக்கைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

“ஆமாண்டா. மாவு மில்லு வெள்ளைக்காரன் வெச்சிட்டான். ராஜாவுக்கு எண்ணெய் ஆட்டத்தான் நேரம் இருந்துச்சு.”